ரேடியோ டீச்சரின் பத்துப் பொத்தான்கள்

ரேடியோ டீச்சர் என்ற பெயரை வைத்தது மாணவர்கள் இல்லை, சொந்த நாத்தனார். டீச்சரிடமிருந்து போன் வந்தால் நாத்தனார் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, துணி மடித்து, பால் காய்ச்சி, சாவகாசமாகத் திரும்பி வந்து "ஆமா அண்ணி" என்பாராம். மறுமுனையில் பேச்சு எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்குமாம். இதை டீச்சரின் மகள் யாரிடமோ சொல்லிச் சிரிக்க, அது ஊரைச் சுற்றிக்கொண்டு பயிற்சி நிலையத்தின் மாடிப்படி ஏறிவிட்டது. டீச்சருக்கு இதில் கோபமே கிடையாது. "ரேடியோன்னா நாலு பேரு கேக்கறாங்கன்னுதானே அர்த்தம்" என்பார். கேட்கிறார்களா என்பதுதான் இந்தக் கதை.

வேலை தேடி வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஊர் மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அவருடையது. மாடியில் கோடி அறை. இரண்டு ஜன்னல்கள், அதில் ஒன்று திறக்காது. காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகிறவர்களும் வேலை முடிந்து வருகிறவர்களுமாகப் பதினான்கு பேர் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கென்று அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்திருந்த பாடப்புத்தகத்தின் முதல் வாக்கியம், 'அரசர் குதிரைமீது ஏறினார்.' அடுப்புச் சூட்டில் கையைச் சுட்டுக்கொண்டு வந்திருக்கும் பேக்கரிக்காரர் அதை மூன்று முறை உரக்கப் படிப்பார். டாக்டரிடம் போய் அவர் எந்தக் குதிரையைப் பற்றிச் சொல்வது? இருபத்திரண்டு வருடமாக டீச்சர் அந்த அரசரைக் குதிரையில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, உழைக்கிற மனிதர்கள் உண்மையாகவே பேசுகிற பேச்சிலிருந்து ஒரு புத்தகம் செய்யவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

அதற்காகத்தான் விண்ணப்பங்கள். படிவத்தைக் கண்டால் நமக்கெல்லாம் கண் இருட்டும். டீச்சருக்கோ கை துறுதுறுக்கும். முதலில் ஒரு சின்ன நல்கை கிடைத்தது. நல்கை என்றால் நன்கொடைதான், கொஞ்சம் கணக்குக் கேட்கும் நன்கொடை. அதில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் நூறு படஅட்டைகளும் வந்தன. அடுத்து, வெளியூரில் இரண்டு வாரப் பயிலரங்கம். அங்கே மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, தெரியாத மொழி ஒன்றில் தன் பெயரைச் சொல்லத் திணறி, வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க அதையே பேசினார். பிறகு நூலகத்துக்கு ஒரு நல்கை, திறக்காத ஜன்னலுக்கு ஒரு நல்கை (கிடைக்கவில்லை). கடைசியில் பெரியது ஒன்றின்மேல் கண் வைத்தார். மொழியாசிரியர்களுக்கான ஒரு வருட ஃபெலோஷிப். சம்பளத்தோடு விடுப்பு, புத்தகம் அச்சாகும் செலவு, எல்லா நிலையங்களிலும் அதுவே பாடம். ஐம்பது வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் வருடம், 'தரவுகள் போதவில்லை' என்று திருப்பினார்கள். மறுவருடம் தரவுகளை மூட்டை கட்டி அனுப்பினார். 'தரவுகள் மிகுதி' என்று பதில். மூன்றாம் வருடம் தன் வகுப்பு ஒன்றையே முழுதாகப் பதிவுசெய்து, 'கேட்டுப் பாருங்கள், தெரியும்' என்று கம்பீரமாக இணைத்தார். முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: 'நாற்பத்தைந்து நிமிடப் பதிவில் மாணவர்களின் குரல் மூன்று நிமிடம் கேட்கிறது. அதில் ஒரு நிமிடம் இருமல்.'

டீச்சர் கொதித்துப்போனார். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கணவரிடம் போனார். அவர் தையற்காரர், வீட்டின் முன்னறைதான் கடை. அளந்து வெட்டுவது தொழில், அளந்து பேசுவது சுபாவம்.

"நீங்களே சொல்லுங்க. நான் என்ன அவ்வளவா பேசறேன்?"

அவர் சட்டைக் காலருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். மிச்ச ஊசிகள் உதட்டிடுக்கில் இருந்தன. வாயைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இக்கட்டான கேள்வி எதற்கும் அவர் வாயில் ஊசி இல்லாமல் இருந்ததில்லை.

டீச்சர் அந்தப் பதிவைத் தானே கேட்டுப் பார்த்தார். மதிப்பீட்டாளர் பொய் சொன்னார் என்று நிரூபிப்பதற்காகத்தான் கேட்டார். பேக்கரிக்காரர் "நேத்து நான்..." என்று தொடங்குகிறார். உடனே டீச்சர் குரல், "நேத்து நீங்க லீவு போட்டீங்க, கை சுட்டுடுச்சு, அதானே?" பேக்கரிக்காரர் "ஆமா" என்கிறார். லாரி மெக்கானிக் "என் வீட்டுக்காரி..." என்கிறார். "ஊர்லேர்ந்து வந்துட்டாங்க, சந்தோஷம்!" மெக்கானிக்கும் "ஆமா." பதிவு முழுக்க ஆமா, ஆமா, இருமல். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், எல்லாருக்கும் அவர் சலவையக்கா, ஒரு வருடமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் குரலைத் தேடித் தேடிக் கேட்டதில் ஒரு "இல்ல" கிடைத்தது. அதையும் டீச்சர் பாதியில் வாங்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாளும் அதை உதவி என்றே நினைத்திருந்தார். தடுமாறுகிறவர்களைக் கைபிடித்துத் தூக்கிவிடுகிறோம் என்று எவ்வளவு பெருமை! அன்று அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. சாப்பிடும்போது பேசவில்லை. மகள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வருட அறிவிப்பு வந்தபோது டீச்சருக்கு நாற்பத்தொன்பது வயது. இதுதான் கடைசி. போதாக்குறைக்கு விதிகளை மாற்றியிருந்தார்கள். தனியாக விண்ணப்பிக்க முடியாது, வேறொரு நிலையத்தின் ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு பேராகத்தான் வரவேண்டும். தலைமை விண்ணப்பதாரரின் வகுப்பை வெட்டாமல் ஒட்டாமல் பதிவுசெய்து அனுப்பவேண்டும். அதில் பாதி நேரமாவது மாணவர்கள் பேசியிருக்கவேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் 'ம்' சார் இருந்தார். எதைக் கேட்டாலும் "ம்" என்பதால் அந்தப் பெயர். ஆனால் அவர் வகுப்பு நடக்கும்போது வெளியே நின்றால் சந்தைக் கூச்சல். மாணவர்கள் அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசுவார்கள், அவர் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரும் வருடாவருடம் விண்ணப்பித்தவர்தான். 'வகுப்பு நடத்துகிறேன். நன்றாக நடக்கிறது.' அவ்வளவுதான் அவருடைய விண்ணப்பம். கையெழுத்து அதைவிட நீளம்.

டீச்சர் போய் அரை மணி நேரம் விளக்கினார். 'ம்' சார் ஏழு முறை "ம்" சொன்னார். பிறகு, "உங்க கிளாஸ ஒரு நாள் பாக்கலாமா?" என்றார். அவர் அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு.

வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும், "நல்லா பேசறீங்க டீச்சர்" என்றார். டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

"அவங்க எப்ப பேசுவாங்க?"

குளிர்ந்தது அப்படியே இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் புலம்பியபோது கணவர் ஒன்றும் சொல்லாமல் தகர டப்பாவைத் திறந்தார். அதிலிருந்து பத்து வெள்ளைப் பொத்தான்களை எண்ணி மேஜைமேல் வைத்தார்.

"ஒரு கிளாசுக்குப் பத்து. வாயத் திறந்தா ஒண்ணு மேஜைக்குப் போயிடணும். தீந்துச்சுன்னா, சும்மா நிக்கணும்."

"பத்து போதுமா? பதினஞ்சா குடுங்களேன்."

"சட்டைக்கே ஏழுதாம்மா."

முதல் நாள் பத்துப் பொத்தானும் நான்கு நிமிடத்தில் காலி. வருகைப் பதிவு எடுக்கும்போதே மெக்கானிக்கின் மனைவியைப் பற்றிய விசாரிப்பு ஆறு பொத்தானைத் தின்றுவிட்டது. மீதி நேரம் டீச்சர் மேஜையோரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாணவர்கள் அவரைப் பார்த்தார்கள், அவர் மாணவர்களைப் பார்த்தார். திறக்காத ஜன்னலை எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள். மறுநாள் பேக்கரிக்காரர் தொண்டை வலிக்கு மிட்டாய் வாங்கி வந்தார். மெக்கானிக், "டீச்சருக்கு வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார்.

வேறு வழியில்லாமல் பொத்தான் விஷயத்தை வகுப்பில் சொல்லிவிட்டார் (இரண்டு பொத்தான்). அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. டீச்சரைப் பேசவைத்துப் பொத்தானைப் பிடுங்குவதில் பதினான்கு பேரும் ஒன்றுகூடிவிட்டார்கள். வேண்டுமென்றே தப்புத் தப்பாக வழி கேட்டார்கள், விலை கேட்டார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறக்காவிட்டால் பக்கத்திலிருப்பவர் திறந்தாகவேண்டும். அப்படியே ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் பத்துப் பொத்தான் அரை மணி நேரம் தாங்கியது.

சாயங்காலங்களில் விண்ணப்ப வேலை. இங்கே நிலைமை தலைகீழ். 'ம்' சாரின் வாயிலிருந்து விஷயத்தைக் கறக்கவேண்டும். டீச்சர் ஒரு கேள்வி கேட்பார், பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கடிகாரத்தில் முள் நகரும். ஒன்றரை நிமிடம் கழித்து, இருபது வருட அனுபவத்திலிருந்து ஒரு வாக்கியம் வரும், தங்கக் காசு மாதிரி. முன்பென்றால் இந்த ஒன்றரை நிமிடத்தில் டீச்சரே மூன்று பதில்களைச் சொல்லி அதில் ஒன்றை அவர் தலையில் கட்டியிருப்பார். இப்போது பொறுத்தார். விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம் வந்தது. எழுத்து டீச்சருடையது, சரக்குப் பாதிக்குமேல் அவருடையது. அதைப் படித்துவிட்டு 'ம்' சார், "இதெல்லாம் நானா சொன்னேன்?" என்று கேட்டார். சந்தோஷத்தில் காது சிவந்திருந்தது.

சலவையக்கா மட்டும் அசையவில்லை. மற்றவர்கள் பேசும்போது சிரிப்பார், தலையாட்டுவார், நோட்டில் எழுதுவார். அவ்வளவுதான்.

பதிவு நாள் வந்தது. 'ம்' சார் கடைசி பெஞ்சில் இரண்டு நிறுத்துக் கடிகாரங்களோடு உட்கார்ந்தார். வலது கையில் டீச்சரின் நேரம், இடது கையில் மாணவர்களின் நேரம். யாரும் பேசாத நேரம் எந்தக் கணக்கிலும் சேராது. 'வேலையில் ஒரு தப்பு நடந்த நாள்' என்று தலைப்புக் கொடுத்து டீச்சர் முதல் பொத்தானை மேஜையில் வைத்தார்.

ஆரம்பம் நொண்டியது. ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் ஆளாளுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. மெக்கானிக் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். பேக்கரிக்காரர் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்ட கதையைச் சொன்னார். அது ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்த கதை. டீச்சர் தூண்டிவிடத் தூண்டிவிடப் பொத்தான்கள் போய்க்கொண்டே இருந்தன. முப்பது நிமிடம் தாண்டியபோது பத்தும் மேஜைமேல் இருந்தன. 'ம்' சார் இடது கைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். போதாது என்று அர்த்தம்.

அப்போதுதான் சலவையக்கா எழுந்து நின்றார்.

"எங்க ஆஸ்பத்திரியில..." என்றார். நிறுத்தினார்.

அறை காத்திருந்தது. ஐந்து வினாடி, பத்து வினாடி. எல்லாரும் பழக்கதோஷத்தில் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சருக்கு நாக்கு நுனியில் நான்கு வாக்கியம் தயாராக நின்றது. மெஷின் கெட்டுப்போச்சா? போர்வை கிழிஞ்சுதா? ஒன்றை எடுத்துக்கொடுத்தால் போதும், வண்டி நகர்ந்துவிடும். இந்த மௌனம் யார் கணக்கிலும் சேராமல் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. இதோடு சேர்ந்து புத்தகமும் போகும், அரசர் இன்னும் இருபது வருடம் குதிரை ஏறுவார். தவிப்பில் கை தானாகத் தோள்பைக்குள் போனது. உள்ளே விரலில் ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று.

காலையில் எண்ணிக் கொடுத்தவர் அவர் கணவர். வாழ்நாளில் ஒரு அங்குலம் தப்பாக அளக்காத மனிதர், இன்றைக்குப் பார்த்துப் பன்னிரண்டு போட்டிருக்கிறார். டீச்சருக்கு அந்த நிமிடத்தில் அவர்மேல் பொங்கிவந்த பாசத்தைச் சொல்லி முடியாது. பொத்தானை விரலிடுக்கில் பிடித்துவிட்டார்.

பிறகு சலவையக்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் தவிப்பே இல்லை. கண்ணைச் சற்றுச் சுருக்கி, எங்கேயோ வைத்த பொருளை நிதானமாகத் தேடுகிறவர் முகமாக இருந்தது அது. இரண்டு வருடமாக அவர் இப்படித் தேடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் யார் குறுக்கே புகுந்தது என்று டீச்சருக்குத் தெரியும். பொத்தானைப் பைக்குள்ளேயே விட்டார். கையை வெளியே எடுத்துக் கட்டிக்கொண்டார்.

பேக்கரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா சொல்ல வர்றது என்னன்னா..."

சலவையக்கா கையை உயர்த்தினார்.

"இருங்க. நானே சொல்றேன்."

சொன்னார். ஒரு நாள் அழுக்குப் படுக்கை விரிப்பை உதறியபோது உள்ளேயிருந்து பல்செட் ஒன்று விழுந்ததாம். எந்த நோயாளியுடையதோ. குப்பையில் போட மனசு வரவில்லை. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போனார். 'இது யாருடைய பல்?' என்று கேட்க அப்போது மொழி இல்லை. அதனால் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று தன் பல்லைக் காட்டி விரலால் தொட்டுக் காண்பித்தார்.

"எல்லாரும் திருப்பிச் சிரிச்சாங்க. நல்ல அம்மா, சிரிச்ச முகம்னு சொன்னாங்க. ஒருத்தர் பழம் குடுத்தார்."

வகுப்பு இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. மெக்கானிக் பெஞ்சில் தட்டினார். "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?" என்று கத்தியவர் பேக்கரிக்காரர்.

"மூணாவது வார்டு. ஒரு தாத்தா. எல்லாரும் சிரிச்சாங்க, அவர் மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்தார். அவருதுதான்."

அதற்கப்புறம் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பல்லைக் கழுவினீர்களா, தாத்தா என்ன சொன்னார், என்ன பழம், என் மாமனார் பல் ஒரு தடவை கிணற்றில் விழுந்தது... பதினான்கு பேரும் ஒரே நேரத்தில். டீச்சர் கையைக் கட்டியபடி நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பா அழுகையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மணி அடித்தபோது 'ம்' சார் இடது கைக் கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். இருபத்து மூன்று நிமிடம். பாதிக்குமேல் அரை நிமிடம்.

வீட்டில் டீச்சர் அந்த இரண்டு பொத்தான்களையும் தையல் இயந்திரத்தின்மேல் வைத்தார். "இது என்னங்க?" கணவர் அவசரமாக நாலு ஊசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "பதிவு நல்லா இருக்கு. முப்பத்திரண்டாவது நிமிஷத்துல மட்டும் நாப்பது செகண்ட் சத்தமே இல்ல. கருவி கோளாறா?"

'ம்' சார், "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பேச்சுக்குப் பஞ்சமில்லாத அந்த வாயில், அன்று முதல் தடவையாக, வார்த்தை வரத் தாமதமானது. சொல்ல நிறைய இருந்தது, எது சரியானது என்று தேடவேண்டியிருந்தது. தலைவி நல்ல மனுஷி, உதவ முன்வந்தார். "அதாவது, நீங்க சொல்ல வர்றது..."

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் டீச்சர். "நானே சொல்றேன்."

தலைவி காத்திருந்தார்.

"அந்தம்மா இருபத்தஞ்சு மாசமா என் கிளாசுக்கு வர்றாங்க. ஒவ்வொரு தடவை யோசிக்கும்போதும் நான் குறுக்க விழுந்துடுவேன். அன்னிக்குத்தான் விழல. அந்த நாப்பது செகண்ட் அவங்களோடது. பேசாட்டியும் அவங்களோடதுதான்."

தலைவி எதையோ எழுதினார். வேறு கேள்வி கேட்கவில்லை.

கடிதம் ஆறு வாரம் கழித்து வந்தது. டீச்சர் கடை வாசலிலேயே நின்று பிரித்தார், படித்தார், இன்னொரு தடவை படித்தார். ஃபெலோஷிப் இருவருக்கும் கிடைத்திருந்தது. கடிதத்தின் அடியில் தலைவி கையால் எழுதிய ஒரு வரி: 'போன வருடம் இருமலைக் கணக்கெடுத்தவள் நான்தான். முதல் பாடத்தில் அந்தப் பல்செட் வரட்டும்.'

டீச்சர் கடிதத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார், சொல்லவில்லை. உதட்டிடுக்கிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திவைத்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. எவ்வளவு நேரமானாலும் சரி, சொல்லு."